வேலம்மாவின் மூக்கு

கேமரன் மலையில் நின்று வேலம்மா ஒரு தடவை மூச்சை இழுத்தால், கோலாலம்பூரில் எந்த வீட்டுச் சோறு அடிப்பிடித்தது என்று சொல்லிவிடுவாள். அந்த மூக்கை மட்டும் கப்பலேற்றி லண்டனுக்கு அனுப்பியிருந்தால், அங்கே தேயிலை ருசி பார்க்கிற வெள்ளைக்காரர்கள் அத்தனை பேருக்கும் வேலை போயிருக்கும். நல்லவேளை, அது எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளின் உச்சந்தலையிலேயே காலத்தை ஓட்டுகிறது.

கிராணி ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு மணி அடித்தாகிவிட்டது. முதுகில் கூடையோடு தாய்மார்கள் பிள்ளைக் கொட்டகை வாசலில் நிற்கிறார்கள். ஆயா வேலம்மா ஒவ்வொரு பிள்ளையாக வாங்கி, முத்தம் கொடுக்கிற மாதிரி தலையில் மூக்கை வைத்து இழுக்கிறாள். முத்தமெல்லாம் இல்லை. புகை வாசனை அடித்தால் பிள்ளை உள்ளே போகும், தாய் வெளியே மாட்டிக்கொள்வாள்.

“என்னாடி, புள்ள வளக்குறியா, கருவாடு போடுறியா? அடுப்புக் குழாய்ல ஓட்ட விழுந்திருக்கு, போயி பாருலா!”

“பெரட்டுக்கு நேரமாச்சுக்கா...”

“ஆவட்டும். கிராணி பேர வெட்டுனா என் பேர சொல்லு.”

வயது நாற்பத்தைந்து இருக்கும். குள்ளம். சிரித்து யாரும் பார்த்ததில்லை. தலையில் கட்டிய சிவப்புக் கட்டம் போட்ட துண்டைக் குளிக்கும்போதும் அவிழ்க்கமாட்டாள் என்று பேச்சு. சாயங்காலம் கொட்டகையைப் பூட்டியதும் வரிசை வீடுகளுக்கு, லயம் லயமாக, அடுப்புப் பார்க்கக் கிளம்பிவிடுவாள். அவளை யாரும் கூப்பிட்டதில்லை.

இந்தக் குளிருக்கு எல்லா வீட்டிலும் விறகடுப்புதான். கவாத்து வெட்டிப் போட்ட தேயிலைக் கட்டைதான் விறகு. கொஞ்சம் வசதி வந்தவர்கள் கம்போங் ராஜா டவுனிலிருந்து தார் டிரம் வாங்கிவந்து வெட்டி, தகரக் குழாய் பொருத்தி, மூடின அடுப்பாகச் செய்துகொண்டார்கள். வேலம்மாவின் வசவெல்லாம் அந்த டிரம் அடுப்புகளைச் சுற்றித்தான்.

“பலகச் செவுத்துல ஒட்டி வச்சிருக்கியே, ஒரு முழம் தள்ளி வச்சா உன் சொத்து கொறஞ்சிருமா? பின்னால தகரம் அடிடா!”

“ஈர வெறகுடா இது! குழாய்க்குள்ள கரி அப்பிக்கிட்டு ஒரு நாளைக்குக் குழாயே பத்தும், அப்ப சாமிய கூப்பிடு!”

“சுடு சாம்பல அட்டப்பெட்டியில கொட்டி கட்டிலுக்கடியில வச்சிருக்கா பாரு, மகராசி!”

ஒரு நாள் நல்லுசாமி வீட்டுக் குழாய் செக்கச்செவேலென்று பழுத்துக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, ஒரு வாளித் தண்ணீரை வீசி அடித்தாள். நல்லுசாமி அன்றுதான் குழாய்க்குச் சிவப்புச் சாயம் பூசியிருந்தார். கீழே வெந்துகொண்டிருந்த கோழிக்குழம்பு குளமாகிவிட்டது. வேலம்மா மன்னிப்பா கேட்பாள்? “எவன்டா அடுப்புக் குழாய்க்குப் பொட்டு வச்சு அழகு பாக்குறவன்?” என்று அதற்கும் சேர்த்துத் திட்டிவிட்டு வந்தாள்.

அவள் வீட்டுக் கதவின் அடிப்பக்கம் நான்கு விரல் அகலத்துக்கு அறுக்கப்பட்டிருக்கும். குளிரும் தவளையும் பக்கத்து வீட்டுப் பூனையும் அந்த வழியாகத்தான் போகவர. இதை எழுதுகிற பயலும் அதன் வழியாக ஒரு முறை வாத்துக்குஞ்சு விட்டுப் பார்த்திருக்கிறான். அறுத்தது அவளேதான், புருஷன் கந்தன் போன பிறகு. ஒரு மழைக்காலத்தில் பிஸ்கட் டின்னில் தணலை அள்ளி அறைக்குள் வைத்து, ஜன்னலை அடைத்துவிட்டுப் படுத்தார்கள். புகையில்லை, வாசனையில்லை. கதவிடுக்கில் தலை வைத்துப் படுத்தவளுக்குக் காலையில் மண்டை வெடித்தது. கந்தன் எழுந்திருக்கவே இல்லை. “தூக்கத்துலயே போன புண்ணியவான்” என்றார்கள். அப்படிச் சொன்னவர்களோடு அவள் இன்றுவரை பேசுவதில்லை.

எழுபத்தெட்டாம் வருஷ மழையில் ஒரு காலை, ராஜுவின் மூத்த மகள் செல்லத்தின் தலையை மோந்தாள். நாலு வயதுப் பிள்ளை. புகை வாசனை துளிகூட இல்லை. ஆனால் பிள்ளை அவள் தோளிலேயே துவண்டு வாந்தி எடுத்தது. வீட்டில் செல்லத்தின் அம்மா பவளம் பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள்.

“ராத்திரி எங்க படுத்த கண்ணு?”

“அம்மா ரூம்ல. டிரம் அடுப்பு இருக்குல்ல.”

“குழாய்?”

“அப்பா சாக்கு வச்சு அடச்சிட்டாரு. தூங்கறதுக்கு.”

தன் தம்பியைக் கொண்டுவந்து விட்ட, இதை எழுதுகிற பயலின் கையில் மொத்தக் கொட்டகையையும் ஒப்படைத்துவிட்டு, செல்லத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடினாள். அடுத்த லயம்தான். சத்தம் கொட்டகை வரைக்கும் கேட்டது. ராஜுவின் அம்மா வடிவம்மாள் வாசலை மறித்துக்கொண்டாள்.

“அங்கயே நில்லு வேலம்மா. பச்ச உடம்பு உள்ள இருக்கு. முப்பது கழியாம தாலி இல்லாதவ படியேறக் கூடாது.”

“நான் ஏறல. நீ சாக்க எடு. ஜன்னல தொற.”

“காத்துப் பட்டா ஜன்னி வரும். தணலாயிட்டா பொகையே கெடையாது, அப்புறம் குழாய் எதுக்கு? சூடெல்லாம் அது வழியாதானே ஓடுது. பேரன் அழவே மாட்டேங்கிறான் தெரியுமா? அசையாம தூங்குறான், அவ்வளவு கதகதப்பு.”

“அழாத பச்சப்புள்ளய எங்கடி பாத்த? பொகை இல்லாததுதான்டி கொல்லும்! எம் புருஷனுக்கும் பொகை இல்ல!”

“உன் வூட்டு எழவ எம் பேரன் தலையில கட்டாத, போ!”

கதவு சாத்திக்கொண்டது. ராஜுவிடம் போனாள். “அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றான். கிராணி சாம்பசிவத்திடம் போனாள். “அது அவங்க குடும்ப விஷயம்லா” என்றார். ஊரில் உள்ள அடுப்பையெல்லாம் குனிந்து பார்த்தவள் அந்த ஒரு படிக்கு முன்னால் மழையில் நின்றாள், எல்லாரும் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்தார்கள். அந்த ஜன்னல்கள் மீதெல்லாம் கல்லெறிய வேண்டும் என்று இப்போதும் கை துறுதுறுக்கிறது. சாயங்காலம் செல்லத்தை மட்டும் பிடிவாதமாகத் தன் வீட்டுக்குத் தூக்கிப்போனாள். கைக்குழந்தையை எப்படித் தூக்குவது?

மறுநாள் கொட்டகைக்கு வடிவம்மாளுக்கு முன்னால் அவள் குரல் வந்தது.

“எந்தக் கட்டையில போறவன்டா அது! ஜன்னல் கதவக் கழட்டிட்டான், குழாய்ல இருந்த சாக்கையும் காணோம்! குளிரு ஊசியா குத்துது, புள்ள விடிய விடிய கத்துறான்!”

ஜன்னல் கதவு கொழுந்து நிறுக்கிற கொட்டகையின் கூரைமேல் இருந்தது. கரி பிடித்த சாக்கு கிராணியின் மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு உறையாகியிருந்தது. அடுத்த லயத்திலிருந்து அந்தப் பிள்ளையின் அழுகை கேட்டது. தொண்டை கிழிகிற அழுகை. வேலம்மா கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டாள்.

இதை எழுதுகிறவன் தம்பியோடு வரிசையில் நின்றான். முகத்தைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, சட்டை மாற்றி வந்திருந்தான். “யாருக்கா இப்படிப் பண்ணியிருப்பா? அநியாயம்!” என்றும் சொல்லிவைத்தான்.

வேலம்மா தம்பியை வாங்கி உள்ளே இறக்கிவிட்டாள். திரும்பி, அண்ணன்காரனின் காதைப் பிடித்துத் தலையைக் கீழே இழுத்தாள். உச்சியில் மூக்கை வைத்தாள். ஒரே இழுப்பு.

“தலைய கழுவலியாடா, நாயே?” என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

வடிவம்மாள் கத்திக்கொண்டே கிட்டே வந்துவிட்டாள். வேலம்மா தன் தலையிலிருந்த துண்டை உருவி, அவன் தலையில் கவிழ்த்து, முடி ஒன்றும் வெளியே தெரியாமல் இறுக்கி முடிச்சுப் போட்டாள்.