வயலின் வகுப்புக்கு நான் கொடுத்த மெட்டு

சாமிகளா, இதை உங்கள் ரெண்டு பேருக்கும்தான் எழுதுகிறேன். தம்பிக்கு அப்போது விவரம் தெரியாது. பாப்பா, உனக்குத் தெரியும், ஆனால் முழுசாகத் தெரியாது. நான் எட்டாவதுக்கு மேல் படித்தவன் இல்லை. எழுத்தில் தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

பாப்பா, நீ வயலின் வகுப்பில் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. நாமக்கல்லில் ஒரு மாடியறை, பன்னிரண்டு பிள்ளைகள். விரல் வைக்க வேண்டிய இடத்திலெல்லாம் டீச்சர் கலர் டேப் ஒட்டிக் கொடுத்திருந்தார். முதல் புத்தகத்தில் இருந்ததெல்லாம் சின்னச் சின்ன மெட்டுகள். ஒவ்வொன்றின் கீழும் நாட்டுப்புறப் பாட்டு, இன்ன தேசம் என்று போட்டிருந்தது. ஆண்டு விழாவுக்கு டீச்சர் புதிதாக ஒன்று சொன்னார். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டில் பாடுகிற ஒரு மெட்டை வாசிக்க வேண்டும். கூடவே தாளில் மூன்று வரி எழுதி மேடையில் படிக்க வேண்டும்: யார் பாடியது, எந்த ஊரில், என்ன வேலை செய்துகொண்டு.

நான் யோசிக்கவே இல்லை. லாரி பாடி பட்டறையில் பலகை அறுக்கும்போதெல்லாம் நான் முனகுகிற மெட்டு ஒன்று உண்டே, அதைக் கொடுத்தேன். நம் ஊரில் கும்மியடிக்கிறவர்களும் அதே மெட்டுக்குத்தான் ஆடுகிறார்கள். ஐந்து சுரத்துக்குள் அடங்கிவிடும். நீ ரெண்டே நாளில் விரல் பிடித்துவிட்டாய். தாளை நானே நிரப்பினேன். "நம் முன்னோர். கொங்கு நாடு. கும்மியடிக்கும்போது."

"யாரையாவது கேட்டீங்களாங்க?" என்றார் டீச்சர்.

"கேக்க என்னங்க இருக்குது? எங்க தாத்தனுக்குத் தாத்தன் காலத்துப் பாட்டுங்க டீச்சர். உங்க புத்தகத்துல இருக்கறதெல்லாம் இதுக்கு முன்னால நேத்துப் பொறந்ததுங்க."

எல்லாப் பிள்ளைகளும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நீ நிமிர்ந்து உட்கார்ந்தாய். அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் நாலு வார்த்தை கூடுதலாக வந்தது.

விழாவுக்கு நாலு நாள் இருக்கும்போது, பாட்டின் வார்த்தைகளை ஒழுங்காக எழுதி வாங்கலாம் என்று நம் ஊர்க் கும்மி ஆசிரியரிடம் போனேன். எனக்கு மச்சான் முறை, சின்ன வயதில் நாங்கள் ஒன்றாகத் திரிந்தவர்கள். சங்கதியைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் கட்டியிருந்த எருமை திரும்பிப் பார்த்தது.

"முன்னோரா? ஏனுங்க மாப்ள, அந்த முன்னோரே நீங்கதானுங்க!"

"வெளையாடாதீங்க மச்சான்."

"ரிக்குக்குப் போயிட்டு ஊடு வந்தீங்களே, கருவாடாட்டம் காஞ்சு போயி. கோயில் வாசல்ல உக்காந்து இதையேதான் முனகிட்டுக் கெடந்தீங்க. நல்லாருக்குதேன்னு நான் வார்த்தை போட்டுக் கும்மில சேத்துட்டேன். நீங்க மறந்து போனதுக்கு நானா பொறுப்பு?"

எனக்கு மெல்ல ஞாபகம் வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் ரெண்டு வருசம் போர்வெல் போடுகிற ரிக் வண்டியில் வேலை பார்த்தேன். ஒடிசாவில் ஓர் ஊரில் நாலைந்து இடத்தில் குழி போட்டோம். பக்கத்து வயலில் பெண்கள் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். கம்ப்ரசர் ஓடும்போது பேச்சே கேட்காது. குழிக்குள் இறக்குகிற அடுத்த இரும்பு ராடு மாட்டுவதற்காக அதை நிறுத்துகிற நேரத்தில் மட்டும் அவர்கள் பாட்டு வந்து காதில் விழும். அப்படித் துண்டு துண்டாகக் கேட்டே ஒரு வாரத்தில் மெட்டு மனதில் ஏறிவிட்டது. ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. அந்த ஊரின் பெயரும் இப்போது நினைவில் இல்லை.

பேசாமல் விட்டுவிடலாமா என்று வரும் வழியில் நினைத்தேன். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் மேடையில் அந்த மூன்று வரியைப் படிக்கப்போவது நீ. நான் சொன்ன பொய் உன் வாயிலிருந்து வரும். அது ஆகாது என்று முடிவு செய்தேன். வீட்டுக்கு வந்ததும் உன்னிடம் சொன்னேன்.

"போங்கப்பா! எங்க பாட்டு, எங்க பாட்டுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். இனித் திருட்டுப் பாட்டும்பாங்க. நான் புத்தகத்துல இருக்கறதையே வாசிச்சுக்கறேன்." வயலினைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டாய்.

கெடுத்தவன் நான், சரி செய்ய வேண்டியவனும் நான்தான். மறுநாள் அரை நாள் லீவு போட்டு உன்னை வகுப்புக்குக் கூட்டிப் போனேன். நீ வாசலிலேயே நின்றுகொண்டாய். நான் உள்ளே போய் எல்லோர் முன்னாலும் நடந்ததைச் சொன்னேன். "அன்னைக்கு நான் சொன்னது தப்புங்க டீச்சர். கேக்காம சொல்லிட்டேன்."

ஒரு வாலுப் பெண் எழுந்தாள். "அப்ப உங்க தாத்தனுக்குத் தாத்தன் ரிக் வண்டியா ஓட்டுனாருங்க அங்கிள்?" அறையே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். வாசலில் நீயும் சிரித்தாய், நான் பார்த்தேன்.

டீச்சர் புத்தகத்தை எடுத்து விரித்தார். "இதுல இருக்கறது பலதும் ஊரு விட்டு ஊரு வந்ததுதாங்க. ஆடறதுக்குன்னு இருந்த மெட்டுல யாரோ தாலாட்டு வார்த்தை வெப்பாங்க. இன்னொரு ஊருல அதுவே பள்ளிக்கூடப் பாட்டாயிரும். தெரிஞ்சதை எழுதுங்க. தெரியாததுக்கு எடம் விட்டுருங்க."

திரும்பி வரும்போது ரயில்வே கேட்டில் வண்டி நின்றதும் நீ சொன்னாய். "நான் வாசிக்கறேன். ஆனா அந்த மூணு வரியை நீங்கதான் மேடையேறிப் படிக்கோணும்."

விழா அன்று மேடை ஏறினேன். மைக்கைப் பிடித்துப் படித்தேன். "ஊர்: ஒடிசாவில், பெயர் தெரியாது. வேலை: நாற்று நடவு. பாடியவர்கள்: நட்ட பெண்கள், யாரென்று நான் கேட்கவில்லை. இங்கே கொண்டுவந்தது நான்." நீ வாசித்தாய். நடுவில் ஓரிடத்தில் வில் நின்றுபோனது. யாரையும் பார்க்காமல் விட்ட இடத்திலிருந்து எடுத்து முடித்தாய்.

உனக்கு அதோடு முடிந்தது. எனக்கு முடியவில்லை. என்னோடு வேலை பார்த்த டிரைவர் ஒருவர் இன்னமும் அந்தப் பக்கம் ரிக் கொண்டு போகிறார். மெட்டைப் பாடி அவருக்கு அனுப்பி, அங்கே நடவு நடுகிற யாரிடமாவது போட்டுக் காட்டி எந்த ஊர்ப் பாட்டு என்று கேட்கச் சொல்லலாம் என்று தோன்றியது. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், பட்டறையில் எல்லோரும் டீக்கடைக்குப் போன பிறகு, பாதி கட்டிய லாரிக்குள் ஏறி உட்கார்ந்தேன். போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்து மெட்டைப் பாடிப் பதிந்தேன். பாதியில் ரோட்டில் ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அழித்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து பாட ஆரம்பித்தேன்.