கருவியின் மேல் ஒரு தணிக்கை

எப்போது போனாலும் மருத்துவமனையில் என் கண் அழுத்தம் பதினாறைத் தாண்டியதில்லை. ஆனால் இடது கண்ணில் பக்கப் பார்வை மட்டும் சுருங்கிக்கொண்டே வந்தது. எனக்கு இது பழக்கப்பட்ட விஷயம். தணிக்கைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தேதி சொல்லிவிட்டுச் சோதனைக்குப் போனால் எந்த அலுவலகத்திலும் குறையே இருக்காது.

மருத்துவமனைக்கு வராத நேரத்தில் அழுத்தம் ஏறுகிறதோ என்று கண் டாக்டரம்மாவுக்கும் சந்தேகம். வீட்டிலேயே அழுத்தம் பார்க்கும் கைக்கருவி ஒன்றை இரவலாகக் கொடுத்தார்.

"விடியக்காலை எந்திரிச்சதும் பாருங்க சார். அப்ப இருபத்தொண்ணைத் தாண்டி ஏறியிருந்தா சொட்டு மருந்து பத்தாது, ஆபரேஷன்தான்."

உடனே என் சந்தேகம் அவர் மேல் திரும்பியது. கருவியும் அவருடையது, கத்தியும் அவருடையது. விலைப்புள்ளி கொடுப்பவரே அதற்கு ஒப்புதலும் கொடுப்பதை எந்த விதி அனுமதிக்கிறது?

கருவியை நெற்றியிலும் கன்னத்திலும் ஊன்றிப் பிடிக்க வேண்டும். நேராகப் பிடித்தால் உள்ளே பச்சை வெளிச்சம், சாய்ந்தால் சிவப்பு. மெல்லிய ஊசி ஒன்று வந்து கருவிழியைத் தொட்டுவிட்டுத் திரும்பும். வலிக்காது. அதன் பிறகு எண் வரும். முதல் நாள் விடியலில் இருபத்தெட்டு வந்தது. மறுநாளும் ஏறக்குறைய அதுவே.

"மிஷின் சரியில்ல" என்றேன். மனைவி காலைப் பூசைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆபரேஷன்னு சொன்ன ஒடனே மிஷின் கெட்டுப்போச்சாக்கும்?"

"செத்த நேரம் உக்காரு. உன் கண்ணுல வச்சுப் பாத்தா தெரிஞ்சுரும்."

"என் கண்ணு என்ன ஒங்க பேரூராட்சி ஆபீஸா, சோதனை போட? மணியடிச்சாச்சு, விடுங்க."

விடவில்லை. எதிர்வீட்டு மாடியில் காய்வது கத்தரி வற்றலா, சுண்டை வற்றலா என்று எங்கள் வாசலில் நின்றே சொல்லுகிறவள் அவள். கண்ணில் குறையில்லாத ஒருத்தியை வைத்துத்தான் கருவியைச் சோதிக்க வேண்டும். முறைப்படி ஊசியை மாற்றி அவளுடைய வலது கண்ணில் வைத்தேன். முப்பத்துமூன்று. மறுபடி வைத்தேன். முப்பத்திரண்டு.

எனக்கு அம்புட்டு சந்தோஷம். கருவி பொய் சொல்கிறது, ஆபரேஷன் இல்லை.

அன்றே அவளையும் சாட்சியாகக் கூட்டிக்கொண்டு போய், "நல்ல கண்ணுக்கே முப்பத்துமூணு காட்டுது டாக்டர்" என்றேன். டாக்டர் கருவியைத் தொடவே இல்லை. என் மனைவியைத்தான் பார்த்தார்.

"அம்மா, நீங்க எப்பவாவது கண்ணைக் காட்டியிருக்கீங்களா?"

"எனக்கு எதுக்கு? கண்ணாடிகூட இவுகளுக்குத்தான்."

அங்கிருந்த பெரிய கருவியிலும் முப்பத்திரண்டுதான் வந்தது. பிறகு அவளை இருட்டறையில் உட்கார வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். வெளியே இருந்த எனக்குப் பொத்தானின் சத்தம் கேட்டது. சில சமயம் நெடுநேரம் கேட்கவில்லை. அந்தக் கருவியாவது பழுதாக இருக்க வேண்டுமே என்று நினைத்தேன்.

பழுது இல்லை. வலது கண்ணில் மூக்குப் பக்கப் பார்வையில் ஒரு பகுதி போயிருந்தது.

"நல்லாத்தானே தெரியுது எனக்கு?" என்றாள்.

"இந்த அழுத்த நோயில அப்படித்தாம்மா இருக்கும், நடுப் பார்வை கடைசியிலதான் போகும். சொட்டு மருந்து ஆரம்பிப்போம். போன பார்வை வராது, இருக்கறதைக் காப்பாத்தணும்."

"அப்ப இவுக ஆபரேஷன்?"

"தேதி குடுங்க டாக்டர்" என்றேன். "மிஷினை மட்டும் இன்னும் ஒரு வாரம் வச்சுக்கிறேன். அவளுக்கு."

"கெட்டுப்போன மிஷினை வச்சு என்ன செய்யப் போறீக?" என்றாள் மனைவி. டாக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மருந்து ஆரம்பித்துச் சில நாள் கழித்து, அவள் படுக்கையை விட்டு எழுந்ததும் வைத்துப் பார்த்தேன். பத்தொன்பது.

"எறங்கிருச்சுல்ல? பெறகென்ன, ஆள விடுங்க."

"ஆடாம உக்காரு" என்றேன். எனக்கு நம்பிக்கை வரவில்லை. கருவியை மறுபடி அவள் நெற்றியில் ஊன்றினேன்.