மாறிப்போன வலது இடது

அந்தக் கண்ணாடிக் கடையின் ஷோகேஸில், புது ஃபிரேம்களுக்கு நடுவே, பழைய நீச்சல் முகமூடி ஒன்று இருக்கிறது. ரப்பர் வெளுத்துவிட்டது. உள்பக்கம் இரண்டு வில்லைகள், சுற்றிலும் கறுப்புப் பசை திட்டுத்திட்டாக. பார்க்க அழகாயில்லை. ஆனால் கடைக்காரர் தினமும் காலையில் கடை திறந்ததும் முதலில் துடைப்பது அதைத்தான்.

அவருக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. ஊர்க்காரர்களின் பெயர் மறந்தாலும் நம்பர் மறக்காது. மனைவியையே "எட்டரை" என்றுதான் கூப்பிடுவார். அது அவள் வலது கண்ணின் பவர்; இடது மூன்றரைதான்.

அவளை அவர் முதலில் பார்த்தது இதே கடையில். அப்பாவோடு வந்திருந்தாள். பெண்ணுக்குக் கனமான கண்ணாடி என்றால் வரன் தட்டிப்போகும் என்று வீட்டில் பயம். அதனால் பெஞ்சில் காத்திருந்தபோதே, மற்றவர்கள் படிக்கிற எழுத்துகளைக் காதில் வாங்கி மனப்பாடம் செய்துகொண்டாள். அவளுடைய முறை வந்ததும் கடைசி வரி வரை கடகடவென்று ஒப்பித்தாள். அவர் சுவரிலிருந்த எழுத்துப் பலகையைத் திருப்பி மாட்டினார். பின்பக்கம் வேறு எழுத்துகள். அவளோ பழைய வரியையே மறுபடி ஒப்பித்தாள்.

அப்பா முன்னால் அவர் அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. பொறுமையாகச் சோதித்து, உள்ள பவரை எழுதினார். ஒரு வாரம் கழித்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தவள், "அட, உங்க கடிகாரத்துல நொடி முள்ளும் இருக்கா?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்வியில் அவர் விழுந்துவிட்டார். அடுத்த வருடமே கல்யாணம்.

ஆனால் தெரியாததை மறைக்கிற அந்தப் பழக்கம் மட்டும் அவளை விடவில்லை. தலைவலி வந்தால் சொல்ல மாட்டாள். பவர் ஏறினால் சொல்ல மாட்டாள். கேட்டால், "நல்லாத்தான் தெரியுது" என்பாள். ஊருக்கே பார்வை சரிபார்க்கிற மனிதருக்கு, வீட்டில் இருப்பவளுக்கு என்ன தெரியவில்லை என்பது மட்டும் தெரியாது. அது அவருக்குள் முள்ளாகவே இருந்தது.

கல்யாணமாகி எட்டாவது வருடம், ஒரு வில்லைக் கம்பெனி அதிகம் விற்ற கடைக்காரர்களைத் தம்பதியாக ஒரு தீவுக்கு அனுப்பியது. மூன்று நாள். இருவரும் கடலையே அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தார்கள்.

முதல் நாள் தோட்டங்கள். ஆள் உயரத்துக்கு இலை விரித்த செடிகள், மரக்கிளைகளில் தொற்றிக்கொண்டு பூத்த ஆர்க்கிட்கள். அவள் ஒவ்வொரு பலகையையும் நின்று படித்தாள். கிளையில் தலைகீழாகத் தொங்கிய பழந்தின்னி வௌவால்களை எண்ணி, "நாற்பத்தொண்ணு. ஒண்ணு குட்டி" என்றாள். பாதையைக் கடந்த உடும்பைப் பார்த்து மற்ற கடைக்காரர்கள் எல்லாம் பெஞ்சின் மேல் ஏறிக்கொள்ள, அவள் மட்டும் குனிந்து அதன் நாக்கைப் பார்த்தாள். அன்று அவர் தோட்டத்தைப் பார்க்கவேயில்லை, அவளைத்தான் பார்த்தார்.

மறுநாள் காலை படகு. மிதவைச் சட்டை போட்டு, முகமூடி மாட்டி, வாயில் குழாயைக் கவ்விக்கொண்டு நீரின் மேல் மிதந்தால், கீழே பவளப்பாறை, மீன்கள், அதிர்ஷ்டமிருந்தால் ஆமை. அவள் கண்ணாடியைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு இறங்கினாள். திரும்பி ஏறியதும், "அந்த ஆமை என்ன அழகுங்க" என்றாள்.

"எந்தப் பக்கம் போச்சு?"

"அப்படியே... நேரா."

அவர் கையில் அவளுடைய கண்ணாடி இருந்தது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. எட்டரை பவர் கண்ணில், கண்ணாடி இல்லாமல், ஆமையாவது மீனாவது. வெறும் வண்ணக் கலங்கலைத்தான் பார்த்திருப்பாள். மற்றவர்கள் பேசியதைக் காதில் வாங்கி, மறுபடியும் ஒப்பிக்கிறாள். எண்ணெய், சீப்பு என்று எல்லாம் எடுத்துவைத்த அவர், இதை யோசிக்கவேயில்லை.

மத்தியானம் மழை. படகுக்காரரிடம் இரவலாக ஒரு முகமூடியும், படகில் கசிவு அடைக்கிற பசையும் வாங்கி வந்தார். அவளுக்காக எப்போதும் கொண்டுபோகும் உபரிக் கண்ணாடியிலிருந்து வில்லைகளைக் கழற்றி, முகமூடியின் உள்பக்கத்தைத் தன் பக்கம் திருப்பிப் பிடித்து ஒட்டினார். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசி நாள் காலை. ஊர் திரும்புவதற்கு முன் ஒரே ஒரு படகு. அவள் இறங்கினாள். அவர் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். நீச்சல் தெரியாது அவருக்கு. அவள் தலையை ஒருபக்கமாகச் சாய்ப்பது தெரிந்தது, பிறகு மறுபக்கமாக. சரியாகத் தெரிகிறவர்கள் அப்படிச் சாய்க்க மாட்டார்கள். இப்போது ஏறி வந்து "நல்லாத் தெரிஞ்சுது" என்று சொல்லிவிட்டால், இனி ஆயுசுக்கும் அவள் சொல்வதை நம்ப முடியாது என்று நினைத்தார்.

அவள் ஏறி வந்தாள். முகமூடியைக் கழற்றி அவரிடம் நீட்டினாள்.

"கடைக்காரரே, ஒண்ணு சொல்லட்டா?"

"சொல்லு, எட்டரை."

"வலதை இடதுலயும் இடதை வலதுலயும் ஒட்டிட்டீங்க. தலை விண்ணு விண்ணுனு வலிக்குது."

அவர் முகமூடியைத் திருப்பிப் பார்த்தார். இருபது வருடமாக எதிரே உட்காருகிறவரின் வலது கண், அவருக்கு இடது கைப்பக்கம். அந்தப் பழக்கத்தில் ஒட்டியிருக்கிறார். உள்பக்கத்திலிருந்து பார்த்தால் வலது வலதுதான் என்பது கைக்குத் தோன்றவில்லை.

"அப்போ ஆமை?"

"பாத்தேன். வலது கண்ணை மூடிக்கிட்டா தூரம் தெரிஞ்சுது, இடதை மூடிக்கிட்டா மூக்குக்கிட்ட வர்ற மீன் தெரிஞ்சுது. ரெண்டையும் மாத்தி மாத்தி மூடிப் பாத்தேன். ஆமைக்கு ஓட்டுல இடது ஓரம் உடைஞ்சிருக்கு. நேத்து நான் எதையும் பாக்கலைங்க."

படகில் இருந்த மற்றவர்கள், மனைவி ஆமை பார்த்ததற்கு இந்த மனிதர் ஏன் அழுகிறார் என்று புரியாமல் விழித்தார்கள். படகுக்காரர் பசைத் திட்டுகளைப் பார்த்துவிட்டு, "இது இனிமே யாருக்கும் ஆகாது, நீங்களே எடுத்துட்டுப் போங்க சார்" என்றார்.

அதற்குப் பிறகு அவள் எதையும் மறைத்ததில்லை. போன வருடம் ஒரு காலையில், தோசைத் திருப்பியைக் கையில் வைத்துக்கொண்டே, "ஏங்க, வலது கண்ணுல நிலைக்கதவு வளைஞ்சு தெரியுது" என்றாள். அவர் கடையைத் திறக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, அவளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். இன்னும் சில நாள் விட்டிருந்தால் அந்தக் கண் போயிருக்கும் என்றார் டாக்டர். பலபேர் இன்னொரு கண்ணால் சமாளித்துக்கொண்டு சொல்லாமலே இருந்துவிடுகிறார்களாம்.

இப்போது அவளும் கடையில்தான் உட்காருகிறாள், கல்லாப் பக்கம். எப்போதாவது யாராவது ஷோகேஸைக் காட்டி அந்த முகமூடி என்ன விலை என்று கேட்பார்கள். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே அவள் சொல்லிவிடுவாள்:

"அது விக்கிறதுக்கில்லைங்க. அதுல வலது இடது மாறிப் போயிருக்கு."