ருக்மணி எண்ணிய மொழி

காய்ச்சிய தாரின் நெடி மூக்கில் ஏறினால் எனக்கு இன்றும் அருப்புக்கோட்டைதான் நினைவுக்கு வரும். கூடவே வெட்கமும் வரும். இந்தி எதிர்ப்பில் ஊர் கொதித்துக்கொண்டிருந்த 1965-ஆம் ஆண்டு அது. பெரிய பையன்கள் தார்ச்சட்டியோடு திரிந்து, இந்தி எழுத்து கண்ணில் பட்ட இடத்திலெல்லாம் பூசினார்கள். எனக்கு ஒன்பது வயது. இந்தி என்றால் என்னவென்று தெரியாது. அது ஆகாதது என்று மட்டும் நன்றாகத் தெரியும்.

அப்பா பருத்தி வியாபாரி. எதிர்வீட்டில், மதுரையிலிருந்து தறி நெய்ய வந்த சௌராஷ்டிரக் குடும்பம் ஒன்று குடியிருந்தது. அந்த வீட்டு ருக்மணிதான் என் கூட்டாளி. எங்களோடு தமிழில்தான் பேசுவாள். அவளுடைய அம்மாவுக்குத் தமிழ் அவ்வளவாக வராது. மகளைத் தங்கள் மொழியில்தான் வாசலில் நின்று சத்தமாகக் கூப்பிடுவார்.

"தட்டாங்கல்" ஆடினால் ருக்மணியை ஒருவரும் ஜெயிக்க முடியாது. கல்லை மேலே வீசிப் பிடிக்கும்போது "தீன், சார்" என்று வாய்க்குள் எண்ணிக்கொள்வாள். எண்ணும்போது யாருக்கும் வீட்டு மொழிதானே வரும்? ஒருநாள் தோற்றுத் தோற்று ஆத்திரம் தாங்காமல், தெருவே கேட்கக் கத்திவிட்டேன்: "இவ இந்தியில எண்ணுறா! இவுக இந்திக்காரவுக!"

மறுநாள் காலையில் அவர்கள் வீட்டுக் கதவில் தார் வழிந்துகொண்டிருந்தது.

ருக்மணியின் அப்பா எங்கள் வாசலில் வந்து நின்றார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. "அண்ணாச்சி, எங்களுக்கு இந்தி எழுதவும் தெரியாது, படிக்கவும் தெரியாது. பாப்பாவ நாலு பேருகிட்ட எடுத்துச் சொல்லச் சொல்லுங்க."

அப்பா என் பக்கம் திரும்பினார். "நீயா சொன்ன?"

"நான் சொல்லலப்பா" என்றேன், கொஞ்சமும் கூசாமல்.

"சின்னப்பிள்ளைக பேச்சு, மனசுல வச்சுக்கிராதீக" என்று அப்பா அவரை அனுப்பிவைத்தார். அதற்குப் பிறகு அந்த அம்மா வாசலில் நின்று மகளைக் கூப்பிடவில்லை. தேடி வந்து, பேசாமல் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவார். சில மாதங்களில் வேறு தெருவுக்குக் குடிபோய்விட்டார்கள்.

எழுபதுகளில் மதுரைக் கல்லூரியில் எங்கள் ஆசிரியை ஒருநாள் கரும்பலகையில் எழுதினார்: சமஸ்கிருதத்தில் "த்ரி", இந்தியில் "தீன்", ஆங்கிலத்தில் "த்ரீ". எல்லாம் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளாம். தாயான அந்த ஆதி மொழியில் எழுதப்பட்ட ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை. பிள்ளைகளின் சொற்களை ஒப்பிட்டு, இப்படித்தான் பேசியிருப்பார்கள் என்று அறிஞர்கள் கட்டியெழுப்பியிருக்கிறார்கள். அப்பா பஞ்சை விரலால் இழுத்துப் பார்த்தே பரளச்சிச் சரக்கு, திருச்சுழிச் சரக்கு என்று ஊரைச் சொல்லிவிடுவாரே, அதைப் போன்ற வேலைதான். அந்த ஆதி மொழியைப் பேசியவர்கள் கருங்கடலுக்கு வடக்கே, மாடும் குதிரையும் வண்டியுமாகப் புல்வெளிகளில் வாழ்ந்தவர்களாக இருக்கலாம் என்று பலர் கருதுவதாகவும் சொன்னார். மரமே இல்லாத எங்கள் கரிசல் காட்டில் பருத்தி வண்டிகள் ஊர்ந்து வருவது என் கண்ணில் வந்து போனது. அடுத்து, "தீன், சார்" என்று எண்ணிக்கொண்டு ருக்மணி வந்தாள். அவளுடைய மொழியும் இந்தியும் தனித்தனி; ஏதோ ஒரு காலத்துப் பங்காளிகள், அவ்வளவுதான். எங்கள் ஊரில் தாருக்குத் தப்பிய ஆங்கிலமும் அதே வம்சம்தான். வகுப்பிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனாலும் அவளைத் தேடிப் போக எனக்குத் துணிச்சல் இல்லை.

போன வருஷம் அருப்புக்கோட்டையில் ஒரு கல்யாண வீட்டில் அவளே என்னைக் கண்டுபிடித்தாள். நான் சொன்ன பொய் உட்பட எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"நீதான்னு அப்பவே தெரியும்டி" என்று சிரித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "என் பிள்ளைகளுக்கு எங்க பேச்சைச் சொல்லித் தரல. தெருவுல வாய் தவறிப் பேசிருங்களோன்னு ஒரு பயம். அம்மாவுக்குக் கடைசியில இருந்த கொஞ்சத் தமிழும் மறந்துபோச்சு. நான் கடைக்குப் போயிருந்தப்ப தண்ணி கேட்டிருக்காக. பேரன் பக்கத்துலதான் இருந்தான். அவனுக்குப் புரியல, குளிருதுபோலன்னு போர்வைய எடுத்துப் போத்தியிருக்கான்."

ருக்மணியின் கணவரும் இப்போது இல்லை. அந்த வீட்டில் அந்த மொழி தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அதில் பேச அவளுக்கு ஆளில்லை.