சகலை வாங்கிய கார்டு

அந்தக் குடும்பத்தில் எல்லாரும் அவரைப் பெரிய மாப்பிள்ளை என்றுதான் அழைப்பார்கள். இன்னும் கட்டாத வீடுகளைக் கட்டி முடித்தது போலக் கம்ப்யூட்டரில் படமாக்கிக் கொடுப்பது அவர் தொழில். என்ஜினியர்கள் வரைபடத்தைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். இவர் சுவர் எழுப்பி, தரை பதித்து, ஜன்னல் வழியாக வெயிலை உள்ளே விட்டு, சோபாவில் ஒரு பூனையையும் படுக்க வைத்துத் திருப்பிக் கொடுப்பார். மாடிப்படிக்குப் பக்கத்தில் இருந்த ஒடுக்கமான அறைதான் அவருடைய அலுவலகம். மகள் படிப்பது, குடும்பம் சாப்பிடுவது எல்லாம் அந்த அறையில் ஓடும் கம்ப்யூட்டரை நம்பித்தான்.

சின்ன மாப்பிள்ளை, அதாவது மனைவியின் தங்கை கணவன், பிறகு அதே தொழிலுக்கு வந்தான். ஆரம்பத்தில் எதற்கெடுத்தாலும் “அண்ணா, இது எப்படிண்ணா?” என்று போன் செய்வான். அப்போதெல்லாம் பெரியவருக்கு அவன்மேல் கொள்ளைப் பிரியம். போன் வருவது குறையக் குறைய அந்தப் பிரியமும் குறைந்தது.

ஒரு நாள் காலை மனைவி மகளுக்குத் தலை வாரிக்கொண்டே சொன்னாள்: “ஏங்க, விஷயம் தெரியுமா? தங்கச்சி வீட்டுக்காரர் புது கிராபிக்ஸ் கார்டு வாங்கியிருக்காராம்.”

“வாங்கட்டுமே. அதுக்கென்ன?”

“உங்களுக்குச் சாயங்காலம் வரைக்கும் ஓடுற வேலை அவருக்கு மத்தியானமே முடிஞ்சிடுதாம். மிச்ச நேரத்துல பையனுக்கு நீச்சல் கத்துக் கொடுக்கிறாராம்.”

கார்டைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். அந்த நீச்சல்தான் சுருக்கென்று தைத்தது. போன வாரம்தான் மகள் பூங்காவுக்குக் கூப்பிட்டதற்கு, “கம்ப்யூட்டர்ல படம் தயாராகிட்டிருக்கும்மா, நகர முடியாது” என்று சொல்லியிருந்தார்.

அன்றைக்கு வேலை ஓடவில்லை. கம்ப்யூட்டருக்குள் இருந்து படத்தை உருவாக்கும் பாகம்தான் அந்தக் கார்டு. தன்னுடையதையும் சகலையுடையதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் இணையப் பக்கங்களைத் திறந்து உட்கார்ந்துவிட்டார். வேகத்தில் சகலையின் கார்டு ஏறக்குறைய இரண்டு மடங்கு. கரண்ட் குறைவு, சூடு குறைவு, சத்தமும் குறைவு. ஒவ்வொரு வரியைப் படிக்கும்போதும் அவர் முகம் சுண்டிக்கொண்டே போனது. கடைசியில் ஒரே ஒரு வரியில் இவருடைய பழைய கார்டு ஜெயித்தது. மெமரி. இவருக்குப் பன்னிரண்டு ஜிபி, அவனுக்கு எட்டு.

பெரியவருக்கு உயிர் வந்தது. பிறகு யார் அகப்பட்டாலும் விடவில்லை.

“வேகம்ங்கிறது கையோட சுறுசுறுப்பு. மெமரிங்கிறது மேசையோட அகலம். சாமான் மொத்தமும் மேசையில கொள்ளலைன்னா கை பறந்து என்ன பிரயோஜனம்?” என்று மனைவியிடம் சொன்னார். அவள் ஈரத்துணியை உதறிக்கொண்டே, “இப்ப உங்களை யாரு என்ன கேட்டா?” என்றாள்.

இந்த நேரம் பார்த்து மாமனார் தன் வீட்டின்மேல் மாடி கட்ட முடிவு செய்தார். அவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டிலேயே இரண்டு பேர் இருக்க வெளியில் எதற்குப் போக வேண்டும் என்று, மாடி எப்படி இருக்கும் எனப் படம் கேட்டார். சின்னவன் உற்சாகமாகப் போன் செய்தான்.

“அண்ணா, வீட்டை நீங்களே வரைஞ்சிடுங்க. ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் மெஷினைக் கொண்டுபோய் ஒரே பைலை ரெண்டுலயும் ஓட்டிப் பார்ப்போம். ரெண்டு கார்டையும் ஒப்பிட்டுப் பார்க்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை.”

பெரியவர் வீட்டை அழகாகவே வரைந்தார். பிறகு படத்தில் வாசலுக்கு முன்னால் மரம் நட உட்கார்ந்தார். ஒரே மரத்தை எத்தனை தடவை நட்டாலும் மெமரி பெரிதாக ஏறாது. அதனால் ஒவ்வொன்றும் வேறு வேறு மரமாக, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பெரிய அளவு இலைப் படங்களோடு தேடித் தேடி நட்டார். பட்டையில் இருக்கும் பாசிக்குக்கூடத் தனிப் படம். எட்டைத் தாண்ட வேண்டும், பன்னிரண்டுக்குள் அடங்க வேண்டும். அளவைப் பார்த்துப் பார்த்து நட்டார். செய்வது என்னவென்று அவருக்கு நன்றாகவே தெரிந்தது. கை நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டுக் கூடத்தில் இரண்டு கம்ப்யூட்டர்களும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தன. மாமியார் சின்னவனுடைய பெட்டிக்குள் எரிந்த நீல விளக்கைப் பார்த்து, “எவ்வளவு லட்சணமா இருக்கு!” என்றார். பெரியவர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

இருவரும் பட்டனை அழுத்தினார்கள். சின்னவன் திரை கொஞ்ச நேரம் அப்படியே உறைந்து நின்றது. பிறகு மெமரி போதவில்லை என்று ஒரு கட்டம் வந்தது. மறுபடி அழுத்தினான், மறுபடி அதே கட்டம். அக்கா தங்கை இருவரும் எட்டிப் பார்த்தார்கள். இவருடைய கம்ப்யூட்டரோ மாவு மில் மாதிரி இரைந்துகொண்டு, படத்தை மேலிருந்து கீழாக மெல்ல மெல்ல நிரப்பியது.

“என்ன தம்பி, புது கார்டு மக்கர் பண்ணுதா?” என்று கேட்டார் பெரியவர். கேட்கும்போதே நெஞ்சுக்குள் ஏதோ ஜில்லென்று இறங்கியது.

“நான் வேகத்தை மட்டும் பார்த்து ஏமாந்துட்டேன்ணா. உங்களைக் கேட்டு வாங்கியிருக்கணும்” என்றான் அவன். குரலில் கோபமே இல்லை. பெரியவருக்கு அது பிடிக்கவில்லை. அவன் கொஞ்சம் எரிந்து விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

படம் முடிந்தது. மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்கு அருகில் வந்தார். இப்படியும் அப்படியும் தலையைச் சாய்த்தார்.

“எல்லாம் சரி மாப்பிள்ளை. வீடு எங்க?”

“இதோ மாமா, பின்னாடி...”

“நான் மாடி கேட்டேன், நீங்க காடு கொடுத்திருக்கீங்களே!”

கூடமே சிரித்தது. பெரியவருடைய மகள்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். அதற்குள் சின்னவன் தன் கம்ப்யூட்டரில் மரங்களையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு ஒன்றை மட்டும் ஓரமாக விட்டான். பட்டனை அழுத்தினான். மாமியார் டீ ஊற்றி முடிப்பதற்குள் படம் வந்து நின்றது. வெயில் விழும் மாடி, கைப்பிடிச் சுவர், துணி காயப்போடும் இடம் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன.

“இது! இதைத்தான் கேட்டேன்” என்றார் மாமனார்.

“வரைஞ்சது முழுக்க அண்ணாதான் மாமா. நான் மரத்தை எடுத்தது மட்டும்தான்” என்றான் சின்னவன்.

திரும்பி வந்து வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது மனைவி கேட்டாள்: “நீங்க வழக்கமா ரெண்டு மரத்துக்கு மேல வைக்க மாட்டீங்களே?” அவர் காது கேளாதவர் போல உள்ளே போனார்.

அடுத்த மாதம் சின்னவனுக்கு ஒரு பெரிய குடியிருப்பு வேலை வந்தது. அது உண்மையிலேயே எட்டு ஜிபிக்குள் அடங்கவில்லை. பைலை எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றான். இல்லை என்று சொல்ல ஒரு காரணம் பெரியவரின் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால், “உள்ள வாங்க தம்பி” என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். பெரிய படங்கள் இங்கே, அவசரப் படங்கள் அங்கே என்று வேலையை இருவரும் பகிர்ந்துகொண்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளைப் பூங்காவுக்கும் கூட்டிப் போனார்.

அதனால் வயிற்றெரிச்சல் அடியோடு போய்விட்டது என்று சொல்ல முடியாது. அண்மையில் சின்னவன் சோபாவில் சாய்ந்தபடி, “அண்ணா, பதினாறு ஜிபில ஒண்ணு வந்திருக்கு. வேகமும் பிரமாதமாம். வாங்கலாம்னு பார்க்கிறேன், என்ன சொல்றீங்க?” என்று கேட்டான்.

“எதுக்கு அவசரம்? கொஞ்ச நாள் போகட்டும் தம்பி. புதுசுன்னா ஆயிரம் கோளாறு இருக்கும்” என்றார் பெரியவர், மிகுந்த அக்கறையோடு.

சமையலறையில் மனைவி சிரிப்பு வெளியே வராமல் வாயைப் பொத்திக்கொண்டாள்.