குலசிங்கத்தின் பெயருக்கு முன்னால்

பாலேஸ்வரி சிரித்து நான் பார்த்ததில்லை. அழுதும் பார்த்ததில்லை. விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற தொழிற்சாலை ஒன்றில் இரண்டு பேரும் வருடக்கணக்காக ஒரே பெல்ட்டில் நிற்கிறோம். நான் பணிஸ் என்கிற பன்னும் பட்டரும் வைக்க, அவள் தட்டுக்கு மூடி போட்டு வண்டியில் அடுக்குவாள். சுப்பவைசர் கத்தினாலும் அதே முகம், நத்தார்ப் பண்டிகைக்கு வான்கோழி இலவசமாகக் கொடுத்தாலும் அதே முகம். வந்த புதிதில் இவளுக்குத் தலைக்கனம் என்று முடிவு கட்டியிருந்தேன்.

ஒருநாள் பல் பிடுங்கிவிட்டு வேலைக்கு வந்திருந்தாள். நோகிறதா என்று கேட்டேன். "ஊசி போட்டது அக்கா. சொண்டு இருக்கோ இல்லையோ எண்டே தெரியேல்லை," என்றாள். பிறகு மூடியை அழுத்திக்கொண்டே, "எனக்கு எப்பவும் இப்பிடித்தான். பல்லுக்கு மட்டுமில்லை," என்றாள். அதற்கு மேல் அவளும் சொல்லவில்லை, நானும் கிண்டவில்லை. பொதுவாக நான் கிண்டாமல் விடுகிற ஆள் இல்லை.

கதை மெல்ல மெல்லத்தான் வந்தது. கணவன் குலசிங்கம், கிளிநொச்சியில் லொறி திருத்துகிறவர். போரின் கடைசி நாட்களில் சனத்தோடு சனமாக வெளியே வந்து வரிசையில் நின்றபோது, விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று ஆமிக்காரர் அவரைத் தனியாகக் கூட்டிப்போனார்கள். பாலேஸ்வரி ஒன்பது வயது மகளின் கையைப் பிடித்தபடி நின்றாள். அதோடு சரி. உடலும் இல்லை, செய்தியும் இல்லை. அவளுடைய தம்பி எப்படியோ இங்கே ரொறன்ரோவுக்கு எடுப்பித்தான். வோபர்னில் ஓர் அப்பார்ட்மென்டில் தாயும் மகளுமாகக் காலம் போனது. அந்தியேட்டி செய்யவில்லை, திவசம் செய்யவில்லை. நெற்றியில் ஒரு ரூபாய்க் காசு அளவில் சிவப்புப் பொட்டு, கழுத்தில் தாலிக்கொடி. எங்கள் சனம் முன்னால் "பாவம், இன்னும் நம்பிக்கொண்டு இருக்குது" என்னும். பின்னால் வேறு மாதிரிச் சொல்லும். நம்புகிறாள் என்றுதான் நானும் நினைத்தேன்.

மகள் சுபாங்கி படித்து மருந்தாளர் ஆகிவிட்டாள். கட்டப்போகிறவன் ஜெனோசன் என்று ஒரு பெடியன், நல்ல பெடியன், குறை சொல்ல எனக்கே ஒன்றும் அகப்படவில்லை. விட்பியில் வீடும் வாங்கிவிட்டார்கள். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் நகரின் மற்றப் பக்கம் ரூஜிலிருந்து மாப்பிள்ளையின் தாய் பாலேஸ்வரி வீட்டுக்குப் புறப்பட்டு வந்தார். நானும் அங்கே இருந்தேன். ரோல்ஸ் இரண்டைச் சாப்பிட்டு, தேத்தண்ணியைக் குடித்து, வாயைத் துடைத்துவிட்டுக் கேட்டார்.

"கலியாணக் கார்ட் அடிக்கக் குடுக்க வேணும். தகப்பன்ரை பேருக்கு முன்னால திரு எண்டு போடுறதோ, அமரர் எண்டு போடுறதோ? ஒண்டைச் சொன்னீங்கள் எண்டால்தான் மற்ற அலுவலுகளையும் பார்க்கலாம்."

மற்ற அலுவல் என்றால் இதுதான். திரு என்றால் பாலேஸ்வரி சுமங்கலி. மகளுக்கு ஆராத்தி எடுக்கலாம், கூறைத் தட்டைத் தூக்கலாம். அமரர் என்றால் தம்பியும் மனைவியும் மணவறைக்குப் போவார்கள். தனியாக வளர்த்தெடுத்தவள் பார்வையாளரோடு கதிரையில் இருப்பாள். பனியில் கார் ஓடப் பழகினோம், பேஸ்மென்டில் படுக்கப் பழகினோம், இதை மட்டும் விட ஏலாதாம். எனக்கு அந்த மனிசியின் தேத்தண்ணிக் கோப்பையைப் பறிக்கலாம்போல இருந்தது. பாலேஸ்வரியோ, "யோசிச்சுச் சொல்லுறன்," என்றுவிட்டு இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊற்றட்டுமா என்று கேட்டாள்.

வாரங்கள் போயின. பதில் வரவில்லை. அச்சகக்காரன் மகளுக்கு அடிக்கடி போன் எடுத்தான். அம்மாவிடம் கேட்கச் சுபாங்கிக்கு வாய் வரவில்லை. அந்த அப்பார்ட்மென்டில், சுவரில் அப்பாவின் படம் பூமாலை இல்லாமல் தொங்கிக்கொண்டிருக்க, அவளால் எப்படிக் கேட்க முடியும்? கலியாணத்துக்கு முதல் அம்மாவை எங்காவது கூட்டிப்போகிறேன், அங்கே வைத்துக் கேட்கிறேன் என்று முடிவெடுத்தாள். எங்கே போக விருப்பம் என்று கேட்டதற்குப் பாலேஸ்வரி, "லீமா," என்றாள். மகளுக்குத் தலையும் விளங்கவில்லை, வாலும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. அவள் நிரப்புகிற வண்டிகளில் பாதி லீமா விமானத்துக்குப் போகிறவை. அவளுக்குத் தெரிந்த ஒரே வெளியூர் அதுதான். கதைக்க ஆள் வேண்டும் என்று என்னையும் இழுத்துப் போனார்கள்.

விமானத்தில் சாப்பாடு வந்ததும் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மூலை சரியா அமத்துப்படேல்லை," என்று மட்டும் சொன்னாள்.

லீமாவிலிருந்து இன்னொரு விமானம் ஏறிக் குஸ்கோ போனோம். மூச்சு வாங்குகிற உயரம். மறுநாள் காலை, இன்கா அரசர்களின் பள்ளத்தாக்கை ஒரே நாளில் காட்டுகிற ஒரு வான் வண்டியில் ஏற்றினார்கள். வழிகாட்டியின் பெயர் வில்பர். வாய் ஓயாத பெடியன். குடும்பம் குடும்பமாகப் படம் எடுத்துவிடுவான். எங்கள் மூவரையும் எடுக்கும்போது, "அப்பா எங்கே, ஹோட்டலில் நித்திரையோ?" என்று ஆங்கிலத்தில் பகிடி விட்டான். சுபாங்கியின் முகம் கறுத்தது. பாலேஸ்வரி கமராவைப் பார்த்தபடி நின்றாள்.

முதலில் பிசாக். மலையை வெட்டிப் படிபடியாக வயல் செய்திருக்கிறார்கள். எதிரே ஒரு செங்குத்தான மலைச்சுவர், அதில் நூற்றுக்கணக்கில் பொந்துகள். அவ்வளவும் இன்காக்களின் புதைகுழிகள் என்றான் வில்பர். இறந்தவர்களைக் குந்தவைத்துத் துணியால் சுற்றி உள்ளே வைப்பார்களாம். பிறகு கள்ளர் வந்து பொன்னுக்காகக் கிண்டி எல்லாவற்றையும் எடுத்துப் போய்விட்டார்கள், இப்போது வெறும் ஓட்டைதான் என்றான். சுபாங்கி என் கையைப் பிடித்தாள். "அன்ரி, இப்ப கேக்கட்டோ?" என்றாள். கேள் என்று கண்ணைக் காட்டினேன். அவள் அம்மாவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். வாயைத் திறந்தாள். "அம்மா, குளிருதே?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒயந்தைதம்போ. பெரிய கோட்டையின் படிகளில் பாதி வரை ஏறி நான் இருந்துவிட்டேன், என் முழங்கால் இன்காக்களை மதிக்கவில்லை. பிறகு வில்பர் எங்களை அங்கே ஒரு பழைய கல்வீட்டுக்குள் கூட்டிப்போனான். ஒரே அறை. நிலத்தில் கினிப் பன்றிகள் எலிக் கூட்டம்போல ஓடித் திரிந்தன. சுவரில் ஒரு மாடம், அதற்குள் இரண்டு மண்டையோடுகள். வீட்டுக்காரரின் பூட்டன் பூட்டி என்றான் வில்பர். வீட்டைக் காவல் காப்பார்களாம், நாள் கிழமைக்கு அவர்களுக்கும் சாப்பாடு வைப்பார்களாம். நான் சிலுவை போட்டுக்கொண்டேன். மற்றவர்கள் படம் எடுத்துவிட்டு வெளியே போய்விட்டார்கள். பாலேஸ்வரி மட்டும் அந்த மாடத்துக்கு முன்னால் நின்றாள். கண் அசையவில்லை. இதோ உடைந்து அழப்போகிறாள், அழுதால் நல்லது, அழட்டும் என்று நினைத்தேன்.

"இவைக்கு எலும்பாவது இருக்குது," என்றாள். பிறகு மேலே பார்த்து, "புகை போக வழியில்லாமல் கூரை முழுக்கக் கரி," என்றாள். வெளியே வந்தோம்.

கடைசியாகச் சின்செரோ என்ற கிராமம். ஒரு முற்றத்தில் வட்டத் தொப்பி போட்ட பெண்கள் கம்பளி நூலுக்குச் சாயம் போட்டுக் காட்டினார்கள். அதில் தலைமைக்காரி கொஞ்சம் பருத்தவள், பகிடிக்காரி. நாகதாளிக் கள்ளியில் பிடிக்கிற ஒரு பூச்சியை உள்ளங்கையில் வைத்து நசுக்கினாள். வெள்ளைச் சாம்பல் நிறப் பூச்சியிலிருந்து கடும் சிவப்பாக ஒன்று வந்தது. சொண்டுக்குப் பூசலாம், எத்தனை முத்தம் கொடுத்தாலும் அழியாது என்றாள், வில்பர் மொழிபெயர்த்தான். எல்லாரும் சிரித்தார்கள். வெள்ளைக்காரிகளுக்குப் பூசிவிட்டாள். நானும் சொண்டை நீட்டினேன். இந்த வயதில் அழியாவிட்டால்தான் என்ன!

பிறகு பாலேஸ்வரியிடம் வந்தாள். அவளுடைய நெற்றிப் பொட்டைக் கண்டதும் அந்த மனிசிக்குப் பெரிய சந்தோசம். தன்னுடைய சிவப்பையும் பொட்டின் சிவப்பையும் மாறி மாறிக் காட்டினாள். சொண்டு வேண்டாம், உனக்கு இங்கேதான் என்பதுபோல விரல் நுனியில் தொட்டு நெற்றிக்குக் கொண்டுபோனாள்.

பாலேஸ்வரி சட்டென்று பின்னுக்குப் போனாள். கையால் நெற்றியை மறைத்தாள். "எனக்கு வேண்டாம், மகளுக்கு வையுங்கோ," என்றாள். அந்த மனிசிக்குத் தமிழ் தெரியாது என்பதுகூட அவளுக்கு நினைவில்லை.

குங்குமத்தை வேண்டாம் என்று சொல்கிற சுமங்கலி நம் சனத்தில் இல்லை. அது யாருடைய பேச்சு என்பது எனக்குத் தெரியும். கலியாண வீடுகளில் தட்டு வரும்போது, புருசன் செத்த பிறகு, சிலுவை போடுகிற நானே எத்தனை தரம் அதைச் சொல்லியிருக்கிறேன். எனக்கு வேண்டாம், மகளுக்கு வையுங்கோ. ரொறன்ரோவில் என்றால் பாலேஸ்வரி, நாலு பேர் பார்க்கிறார்கள் என்று தட்டைத் தொட்டுப் பொட்டை ஒற்றிக்கொள்வாள். இங்கே பார்க்க ஊர்ச் சனம் இல்லை. கை தன்பாட்டுக்குப் போய்விட்டது.

சுபாங்கியும் பார்த்துவிட்டாள். அந்த மனிசி வைத்துவிட, அவளுடைய நெற்றியில் அந்தச் சிவப்பு வந்தது. அப்படியே வானில் வந்து ஏறினாள். தாயும் மகளும் முன்னால், நான் பின் சீற்றில். வான் குஸ்கோவுக்குத் திரும்பத் தொடங்கியது.

"அம்மா, ஏன் வேண்டாம் எண்டனீங்கள்?"

பாலேஸ்வரி ஜன்னலால் பார்த்தாள். வெளியே உருளைக்கிழங்குத் தோட்டம், பிறகும் உருளைக்கிழங்குத் தோட்டம்.

"கார்ட்டில அமரர் எண்டு போடச் சொல்லு," என்றாள். கடையில் பால் வாங்கி வரச் சொல்கிற குரல். "மாமாவையும் மாமியையும் மணவறைக்குக் கேப்பம்."

"அப்பா இல்லை எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"அண்டைக்கே தெரியும். கூட்டிக்கொண்டு போகேக்கை ஒருக்காத் திரும்பிப் பார்த்தவர். அதிலேயே தெரிஞ்சுது."

"பிறகு ஏன் இவ்வளவு காலமும்..." சுபாங்கி தாயின் நெற்றியைப் பார்த்தாள்.

"நீ கேட்டனி. முகாமில படுக்கேக்கை ஒவ்வொரு நாளும் கேட்டனி, அப்பா வருவாரோ எண்டு. நான் ஓம் எண்டன். நெத்தியை அழிச்சுப்போட்டு எப்பிடி ஓம் எண்டுறது?"

"நான் கேக்கிறதை எப்பவோ விட்டிட்டன் அம்மா. நீங்கள் நம்புறீங்கள் எண்டுதான் ஒண்டும் கதைக்காமல் இருந்தனான்."

சொல்லி முடிக்க முதல் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. படித்த பிள்ளை, இருபத்தைந்து வயதுப் பிள்ளை, ஒன்பது வயதுக்காரி மாதிரித் தாயின் மடியில் விழுந்து குழறினாள். இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒருத்திக்காக மற்றவள் என்று இவ்வளவு காலத்தைத் தள்ளியிருக்கிறார்கள். முன்னாலிருந்து வில்பர் திரும்பி, பிள்ளைக்கு உயரம் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று கேட்டான். ஓம் என்றேன். கொக்கா இலை இனிப்பு ஒன்று தந்தான். அவள் தலையைத் தூக்கவில்லை, ஆனபடியால் நான் வாயில் போட்டுக்கொண்டேன். புல்லுச் சுவை.

கொஞ்ச நேரத்தில் சுபாங்கி மடியில் இருந்தபடியே கதைத்தாள். பதில் வேண்டும் என்று கண்டம் கடந்து கூட்டிவந்தவள் அவள்தான்.

"அம்மா, திரு எண்டே போடுவம். பிளீஸ். ஆர் என்ன கேட்டாலும் நான் கதைக்கிறன்."

பாலேஸ்வரி மகளின் தலைமயிரைக் கோதிவிட்டாள். பெல்ட்டில் நிற்கும்போது இருக்கிற அதே முகம். கண்ணில் ஒரு துளி இல்லை.

"பதினாறு வருசம் அவரை உயிரோடை வைச்சிருந்தன் பிள்ளை," என்றாள். "இனி என்னால ஏலாது."