சீல் இல்லாத கேமரா

ஆறாம் வகுப்பில் எங்கள் அறிவியல் டீச்சருக்குத் திடீரென்று ஒரு வேகம் வந்தது. இனி யாரும் பாடத்தை ஒப்பிக்க வேண்டாம், வீடியோவாக எடுத்து அனுப்புங்கள், வகுப்புத் திரையில் போட்டுக் காட்டுகிறேன் என்றார். எனக்கு வந்த பாடம் ஒலி. டப்பா வாயில் பலூனை இழுத்துக் கட்டி, மேலே அரிசி தூவி, பக்கத்தில் நின்று கத்தினால் அதிர்வில் அரிசி குதிக்கும். கத்துவதற்கு அம்மா இருந்தாள். படமெடுக்கத்தான் வழியில்லை.

வீட்டில் கேமரா போன் அப்பாவுடையது மட்டும். ஓசூரில் ஒரு கம்பெனியில் அவர் கான்ட்ராக்ட் ஆபரேட்டர். உள்ளே இருப்பதை யாரும் படமெடுக்கக் கூடாதென்று வாசல் கேட்டிலேயே கேமராவின் மேல் சீல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். வீட்டிலும் அதை உரிக்கக் கூடாது, தினமும் பார்ப்பார்கள். உரித்தது தெரிந்தால் வேலை போய்விடும்.

வீடியோ அனுப்ப மறுநாள்தான் கடைசி நாள். நான் அழுதேன். எங்களோடு தங்கியிருந்த தாய்மாமா அடுப்பிலிருந்த இட்லிப் பானையைப் பார்த்தார். அவரிடம் எதற்கும் ஒரு குறுக்குவழி உண்டு.

“ஆவியில லேசா காட்டுனா கிழியாம வந்துரும் மச்சான். எடுத்துட்டு அப்படியே ஒட்டிரலாம்.”

அம்மா வேண்டவே வேண்டாம் என்றாள். அப்பா என் முகத்தைப் பார்த்தார். “விடு, பாப்பா படிப்புக்குத்தான?”

சீல் கிழியாமல் வந்தது. அம்மா கத்தினாள், அரிசி குதித்தது. “ஏனாய்த்து, என்னாச்சு” என்று கன்னடமும் தமிழுமாகப் பதறியபடி ஓடிவந்த பக்கத்து வீட்டு அக்காவும் வீடியோவில் விழுந்துவிட்டார். டீச்சருக்கு அனுப்பியதும் மாமா சீலைத் திரும்ப ஒட்டினார். ஒரு ஓரம் மட்டும் படியவில்லை. அப்பா அதைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே சாப்பிட்டார்.

மறுநாள் வகுப்பே என் வீடியோவுக்குக் கைதட்டியது. எனக்கோ அந்த ஓரம்தான் கண்ணில் நின்றது. மாலையில் தெருமுனையில் காத்திருந்தேன். கம்பெனி பஸ் வந்து நின்று போனது. அப்பா இறங்கவில்லை. அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடினேன்.

அப்பா வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தார். போனைப் பிடுங்கிப் பார்த்தேன். சீலே இல்லை.

“கம்பெனியிலயே எடுத்துட்டாங்க கண்ணு. இனி எத்தன வீடியோ வேணும்னாலும் எடுத்துக்க.”

மாமா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அம்மா அடுப்பைப் பார்த்தபடியே நின்றாள். எனக்கு உயிர் திரும்பி வந்தது. இருட்டும்வரை வீட்டையெல்லாம் படமெடுத்தேன், அப்பாவையும். சிரிங்கப்பா என்றேன், சிரித்தார். என் படிப்புக்காகக் கம்பெனியே விட்டுக்கொடுத்திருக்கிறது என்று, மறுநாள் பள்ளியில் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னேன்.